இலங்கையிடம் டாலர் தீர்ந்தது எப்படி?

2022 மார்ச் மாதம் இலங்கையின் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை. காகிதத்தை இறக்குமதி செய்ய டாலர் இல்லை. அதே நேரத்தில் நாட்டில் ரூபாய்க்கு எந்தக் குறைவும் இருக்கவில்லை. அரசின் செலவுக்காக மத்திய வங்கி இரண்டு ஆண்டுகளாகப் புதிய ரூபாயை உருவாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வேண்டிய அளவு ரூபாயை உருவாக்க முடிந்த ஒரு நாட்டால் காகிதமும் எரிவாயுவும் மருந்தும் வாங்க முடியாமல் போனது எப்படி?

'ஊழல்' என்ற ஒற்றைச் சொல்லோடு இந்தக் கேள்வியை முடித்துவிடுவோர் பலர். 'சீனக் கடன்' என்பது இன்னொரு விடை. ஊழலும் இருந்தது, சீனக் கடனும் இருந்தது. ஆனால் பெட்ரோல் நிலையங்களில் மூன்று நாள் வரிசை நின்றதற்கு நேரடிக் காரணத்தை அறிய, ஒரு நாடு மற்ற நாடுகளோடு வைத்திருக்கும் வரவு செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ரூபாய் எங்கே நின்றுவிடுகிறது

கொழும்பு வியாபாரி ஒருவர் இந்தோனேசியாவிலிருந்து காகிதம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் இலங்கை ரூபாயை வைத்துக்கொண்டு தன் ஆலைக்கு மின்கட்டணம் கட்ட முடியாது. அவர் டாலர் கேட்கிறார். வியாபாரி தன் வங்கியிடம் ரூபாயைக் கொடுக்க, வங்கி ஒரு நாணயக் கடிதம் திறக்கிறது. 'சரக்குக் கப்பலேறியதற்கான ஆவணங்களைக் கொடுத்தால் பணத்தை நாங்கள் தருகிறோம்' என்று வாங்குபவரின் வங்கி விற்பவருக்குத் தரும் உறுதிமொழிதான் நாணயக் கடிதம்.

அந்த உறுதிமொழியை நிறைவேற்றும் டாலர் கொழும்பில் எந்தப் பெட்டகத்திலும் இல்லை. நியூயார்க் போன்ற இடத்திலுள்ள ஒரு வங்கியில் கொழும்பு வங்கி வைத்திருக்கும் கணக்கில் அது இருக்கிறது. தேயிலையும் ஆடையும் ஏற்றுமதி செய்தவருக்கு வந்த விலை, வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் பெண் ஊருக்கு அனுப்பிய சம்பளம், சுற்றுலாப் பயணி மாற்றிய பணம், வெளிநாட்டார் கொடுத்த கடன், முதலீடு ஆகியவையே அந்தக் கணக்கை நிரப்புகின்றன. இவை போதாத நாளில் வங்கிகள் மத்திய வங்கியின் பக்கம் திரும்புகின்றன. அப்படிப்பட்ட நாளுக்கென்று மத்திய வங்கி சேர்த்து வைத்திருப்பதுதான் வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு.

டாலரை இலங்கையால் சம்பாதிக்கலாம், கடன் வாங்கலாம், இனாமாகப் பெறலாம். உருவாக்க முடியாது. இதன்பின் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வரம்புக்குள் நடந்தவை.

சென்மதி நிலுவை: கணக்கேடு சொல்வது

ஒரு நாட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே ஓராண்டில் நடக்கும் எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைக்கும் கணக்குக்கு இலங்கைத் தமிழில் சென்மதி நிலுவை என்று பெயர். இதில் முதலில் வருவது நடைமுறைக் கணக்கு. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் நடப்புக் கணக்கு என்று எழுதுவது இதைத்தான். சரக்கு, சேவை, வட்டி, வெளிநாட்டிலிருந்து வரும் உழைப்பாளர் பணம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இலங்கை ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 1,250 கோடி டாலர். இறக்குமதி செய்தது ஏறத்தாழ 2,060 கோடி டாலர். சரக்கில் மட்டும் 810 கோடி டாலர் பள்ளம். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய 550 கோடி டாலர் அந்தப் பள்ளத்தின் பெரும்பகுதியை மூடியது. சேவை வருமானம், செலுத்திய வட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்த பின்னும் நடைமுறைக் கணக்கில் ஏறத்தாழ 330 கோடி டாலர் குறைந்தது.

இத்தகைய குறையை நிரப்ப மூன்று வழிகளே உண்டு.

1. வெளிநாட்டார் நாட்டுக்குள் முதலீடு செய்வது.
2. வெளிநாட்டிலிருந்து புதுக் கடன் வாங்குவது.
3. கையிருப்பிலிருந்து எடுப்பது.

முதல் வழி இலங்கையில் எப்போதும் ஒடுங்கியதாகவே இருந்தது. இரண்டாவது வழியில்தான் நாடு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அது அடைபட்டபோது மூன்றாவது வழியில் இரண்டு ஆண்டுகள் ஓடி, தரை தட்டியது.

கடனின் குணம் மாறிய கதை

இலங்கை ஏழை நாடாக எண்ணப்பட்ட காலத்தில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் போன்றோர் சிறு வட்டிக்கு, முப்பது நாற்பது ஆண்டுத் தவணையில் கடன் கொடுத்தார்கள். தலைக்குரிய வருமானம் ஏறி நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தப்பட்டதும் அந்தச் சலுகை சுருங்கியது. 2007இல் இலங்கை முதன்முறையாகப் பன்னாட்டுச் சந்தையில் 50 கோடி டாலருக்கு முறிகளை விற்றது. வட்டி 8.25 சதவீதம். முறி என்பது கடன் பத்திரம். பணத்தை இன்று கொடுப்பவருக்கு ஆண்டில் இருமுறை வட்டியும், குறித்த நாளில் முழு அசலும் தருவதாக அரசு எழுதிக் கொடுப்பது.

இந்த வகைக் கடனுக்குப் பழைய கடனிடம் இல்லாத இரண்டு குணங்கள் உண்டு. அசல் சிறுகச் சிறுகக் கழிவதில்லை, ஒரே நாளில் மொத்தமாக வந்து நிற்கும். அதைக் கட்ட வழக்கமான வழி இன்னொரு முறியை விற்பதுதான். ஆகவே சந்தை நம்பும்வரை எதுவும் தெரியாது, நம்பிக்கை போன மறுநாளே எல்லாம் தெரிந்துவிடும். மற்றொன்று, கொடுத்தவர் யார் என்பது. இன்று ஒருவரிடம் இருக்கும் பத்திரம் நாளை வேறொருவர் கையில் இருக்கும். நெருக்கடி வந்தால் தொலைபேசியில் அழைத்து 'ஆறு மாதம் பொறுங்கள்' என்று கேட்க ஒரு முகம் இல்லை.

2022இல் நிலுவையில் இருந்த இத்தகைய முறிகள் ஏறத்தாழ 1,255 கோடி டாலர். அரசின் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சீனாவுக்குரியது, அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுக் கிடைத்த 112 கோடி டாலரும் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கவில்லை. அது பொதுக் கையிருப்புக்குப் போனது. அப்போது கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவை முறிகளின் தவணைகள். சீனக் கடன்மீது நியாயமான கேள்விகள் பல உண்டு. ஆனால் 2022இன் நாள்காட்டியில் சிவப்பு வட்டமிட்ட தேதிகள் முறிகளுக்கானவை.

இன்னொரு பழுதும் இருந்தது. டாலரில் வாங்கிய கடனால் கட்டியவற்றில் பெரும்பாலானவை நெடுஞ்சாலை, மின்சாரம், விமான நிலையம் என்று ரூபாயில் வருமானம் தருபவை. நெடுஞ்சாலையில் வாங்கும் சுங்கக் கட்டணம் ரூபாய்தான். அதைக் கொண்டு நியூயார்க்கில் வட்டி கட்ட முடியாது.

அடுத்தடுத்து வறண்ட ஊற்றுகள்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். 2018இல் 440 கோடி டாலர் தந்த சுற்றுலா சரிந்தது. அது மீள்வதற்குள் கொரோனா வந்தது. 2021இல் சுற்றுலா வருமானம் 50 கோடி டாலர் அளவுக்கு விழுந்திருந்தது.

இடையில், 2019 இறுதியில், புதிய அரசு பெறுமதி சேர் வரியை (தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி என்பார்கள்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வேறு வரிகளும் குறைக்கப்பட்டன. இது ரூபாய் விவகாரம் ஆயிற்றே, டாலருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இரண்டு வழியில் ஓடியது. வரி போனதால் அரசின் பற்றாக்குறை பெருத்தது. மத்திய வங்கி அரசின் கடன் பத்திரங்களைத் தானே வாங்கிப் புது ரூபாய் கொடுத்தது. அந்த ரூபாயின் ஒரு பகுதி இறக்குமதிப் பொருளைத் தேடிப் போய் டாலராக மாறக் கேட்டது. மற்றொரு பக்கம், வரி வாங்காத அரசு எப்படிக் கடனைக் கட்டும் என்று சந்தை கேட்டது. 2020இல், கடனைத் திருப்பித் தரும் திறனை அளந்து சொல்லும் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இலங்கையின் தரத்தை இறக்கின. புது முறி விற்கும் கதவு மூடியது.

கதவு மூடிய பிறகும் பழைய முறிகளின் தவணை நிற்கவில்லை. 2020 அக்டோபரில் 100 கோடி டாலர், 2021 ஜூலையில் 100 கோடி டாலர், 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர். மூன்றும் கையிருப்பிலிருந்து போயின. 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு 2022 மார்ச் இறுதியில் 190 கோடி டாலர். அதிலும் ஏறத்தாழ 150 கோடி டாலர், சீன மத்திய வங்கியோடு செய்துகொண்ட நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் (இரு மத்திய வங்கிகள் தங்கள் நாணயங்களைக் குறித்த காலத்துக்கு மாற்றிக்கொள்வது) வந்த யுவான். மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. ஆகவே கணக்கில் இருந்தது, கைக்கு எட்டவில்லை. 2022 மே மாதம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னது: பயன்படுத்தக் கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு.

ஜனவரியில் கட்டிய அந்த 50 கோடி டாலரை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அந்த நாள்களில் கொழும்புத் துறைமுகத்தில் உணவுப் பொருள்கள் நிறைந்த கொள்கலன்கள் டாலர் இல்லாமல் தேங்கிக் கிடந்தன. கடனை மறுசீரமைக்க, அதாவது அதன் தவணையையும் வட்டியையும் அசலையும் மாற்றியமைக்க, பேச்சைத் தொடங்குங்கள், இருப்பதை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளியலாளர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். கேட்கப்படவில்லை.

200 ரூபாய் என்ற கோடு

தட்டுப்பாட்டை முடக்கமாக மாற்றிய முடிவு இதுதான் என்பது என் கணிப்பு. 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம்வரை, ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று மத்திய வங்கி விலையைப் பிடித்து வைத்திருந்தது. விலையேற்றத்தைத் தடுக்கத்தான் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அரிதாகிப்போன ஒரு பொருளின் விலையைத் தாழ்த்திப் பிடித்தால் அது சந்தையிலிருந்து மறைந்துவிடும். அரிசிக்கு நடப்பதே டாலருக்கும் நடந்தது.

மறைந்த வழிக்கு உண்டியல் என்று பெயர். தமிழ்நாட்டில் ஹவாலா என்பார்கள். தோஹாவில் வேலை செய்யும் பெண் அங்குள்ள முகவரிடம் ரியாலைக் கொடுக்கிறார். முகவர் ஒரு செய்தி அனுப்ப, மட்டக்களப்பில் உள்ள அவருடைய கூட்டாளி அந்தப் பெண்ணின் தாயார் கையில் ரூபாயைக் கொடுக்கிறார். குடும்பத்துக்குப் பணம் வந்துவிட்டது. ரியால் மட்டும் கத்தாரை விட்டு நகரவே இல்லை. அதைக் கொண்டு யாரோ தங்கமோ துபாய்ச் சரக்கோ வாங்குவார்கள். வங்கி வழியாக வந்திருந்தால் அதே பணம் மருந்துக்கான டாலராக ஆகியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 500 டாலர் அனுப்பினால் வங்கியில் 1,00,000 ரூபாய். வெளிச்சந்தையில் டாலர் 240 ரூபாய் என்றால் உண்டியலில் 1,20,000. அந்த 20,000 ரூபாய் ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாடு. மத்திய வங்கி 2021 டிசம்பரில், வங்கி வழியே அனுப்பினால் டாலருக்கு மொத்தம் 10 ரூபாய் கூடுதலாகத் தருவதாக அறிவித்தது. 40 ரூபாய் இடைவெளியை 10 ரூபாயால் கட்ட முடியுமா? 2020இல் 710 கோடி டாலராக இருந்த உழைப்பாளர் பணம் 2021இல் 550 கோடியாகவும், 2022இல் 380 கோடியாகவும் இறங்கியது. வீட்டுவேலைப் பெண்களுக்கு நாட்டுப்பற்றில்லை என்று சிலர் எழுதியதை நான் ஏற்கவில்லை. அந்நிய வீட்டில் நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு உரிய விலையைத் தர மறுத்தது அரசு.

ஏற்றுமதியாளர்களும் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். விலை கட்டாயம் உயரும் என்று தெரிந்தபின் டாலரை அவசரமாகக் கொண்டுவந்து 200 ரூபாய்க்கு மாற்ற யாருக்கு மனம் வரும்? வெளிநாட்டிலேயே காக்க வைத்தார்கள். இறக்குமதியாளர்களோ விலை ஏறுமுன் வாங்கிவிட விரைந்தார்கள். உள்ளே வருவது தாமதமாக, வெளியே போவது முந்திக்கொண்டது.

2022 மார்ச் 7 அன்று பிடி தளர்த்தப்பட்டது. அதற்குள் தாங்கிப் பிடிக்கக் கையிருப்பு எதுவும் மிச்சமில்லை; மே மாதத்தில் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக நிதியமைச்சு அறிவித்தது. ஏப்ரல் 18இல் கட்ட வேண்டிய 7.8 கோடி டாலர் வட்டிக்கான 30 நாள் சலுகைக்காலம் மே 18இல் முடிந்தது. 1948க்குப் பிறகு முதன்முறையாக இலங்கை கடன் தவறிய நாடாயிற்று.

தவறிய மறுநாள்

கடன் கட்டாமல் விட்டால் அந்த டாலராவது மிஞ்சுமே என்று தோன்றும். மிஞ்சுகிறது, ஆனால் நாட்டின் வங்கிகள் கொடுக்கும் நாணயக் கடிதத்தை வெளிநாட்டு வங்கிகள் நம்ப மறுக்கின்றன. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். எரிபொருள் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுப் பணம் வரும்வரை காத்துநின்றது அதனால்தான். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையேறிக் கிடந்தன. கடன் தவறும் முன்பே, மார்ச் 22 முதல், தனுஷ்கோடிக் கரையில் குடும்பங்கள் வந்து இறங்கத் தொடங்கின. போரினால் வந்தவர்களைப் பார்த்துப் பழகிய கரை, அந்நியச் செலாவணியினால் வந்தவர்களைப் பார்த்தது.

அந்த மாதங்களைக் கடக்க உதவியதில் இந்தியாவின் பங்கு பெரியது. எரிபொருளுக்கு 50 கோடி டாலர், உணவு மருந்துக்கு 100 கோடி டாலர் கடன் வசதி, ரிசர்வ் வங்கியின் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம். இவற்றைவிடக் குறைவாகப் பேசப்பட்ட ஒன்று உண்டு. ஆசியத் தீர்வு ஒன்றியம் என்ற ஏற்பாட்டில் உறுப்பு நாடுகள் தங்களுக்குள்ளான வணிக நிலுவைகளைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டும். இலங்கை கட்ட வேண்டியதை இந்தியா ஒத்திப்போட இசைந்தது. காகிதத்தில் அது தவணைத் தள்ளல், நடப்பில் பெருங்கடன். தமிழ்நாடு தன் பங்காக அரிசி, பால்மா, மருந்து ஏற்றிய முதல் கப்பலை மே 18 அன்று சென்னையிலிருந்து அனுப்பியது. கடன் தவறிய அதே நாள்.

யார் விலை கொடுத்தார்கள்

2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. 2023இல் நடைமுறைக் கணக்கு உபரி காட்டியது. இதை மீட்சி என்று கொண்டாடும் முன், உபரியில் பெரும்பகுதி மக்கள் வாங்காமல் விட்டதால் வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மெய்யான மீட்சியின் அடையாளம் வேறிடத்தில் தெரிந்தது: வங்கி விலையும் வெளிச்சந்தை விலையும் ஒன்றானதும் உழைப்பாளர் பணம் 2023இல் ஏறத்தாழ 600 கோடி டாலராகத் திரும்பியது. யாரும் நாட்டுப்பற்றுப் பாடம் நடத்தவில்லை. விலையைச் சரிசெய்தார்கள், பணம் வந்தது.

மலையகத்தைப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் தேயிலை ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் ஈட்டித் தந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆக்கப்பட்டது. டாலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 5 டாலர். 360 ஆனபோது 2.80 டாலருக்கும் குறைவு. தேயிலை டாலரில் விற்றது, கோதுமை மாவு டாலரில் வந்தது, கூலி மட்டும் ரூபாயில் நின்றது. 2024 செப்டம்பரில்தான் குறைந்தபட்சக் கூலி 1,350 ரூபாயாக உயர்ந்தது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த ரூபாய்ப் பத்திரங்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் பத்திரங்களுக்கு வட்டியைக் குறைத்தார்கள். அந்த நிதி, தோட்டத் தொழிலாளரும் தையல் ஆலைப் பெண்களும் ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பது. நாட்டுக்கு டாலர் கொண்டுவந்தவர்கள் இருபுறமும் இழந்தார்கள்.

கடன் கொடுத்த வெளிநாட்டாரோடு பேச்சு நீண்டது. பன்னாட்டு நாணய நிதியம் 2023 மார்ச் 20 அன்று ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இது இலங்கை அந்த நிதியத்திடம் போன 17ஆவது முறை. கடன் கொடுத்தவரில் ஒருவர் தரும் சலுகையை மற்றவரும் தர வேண்டும் என்பது இத்தகைய பேச்சுகளின் அடிப்படை விதி. இல்லையேல் ஒருவர் விட்டுக்கொடுத்த பணம் இன்னொருவர் பைக்குப் போய்விடும். 2024 ஜூன் 26 அன்று இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான குழுவோடு 580 கோடி டாலருக்கும், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு தனியாக 420 கோடி டாலருக்கும் உடன்பாடு ஆனது. முறிதாரர்கள் அந்த டிசம்பரில் அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார்கள். புதிய முறிகளில் ஒரு நுட்பம் புதைந்திருக்கிறது. 2025 முதல் 2027 வரை இலங்கைப் பொருளாதாரத்தின் சராசரி அளவு குறித்த வரம்பைத் தாண்டினால், விட்டுக்கொடுத்ததில் ஒரு பங்கை அவர்கள் திரும்பப் பெறுவார்கள். அந்த அளவு டாலரில் கணக்கிடப்படுகிறது. எனவே ரூபாய் வலுத்தாலும் அந்த அளவு பெருகும்; ஆனால் மெய்யான உற்பத்தியும் குறித்த அளவு வளர்ந்திருக்க வேண்டும்.

இனிச் செய்தியைப் படிக்கும்போது

'கையிருப்பு உயர்ந்தது' என்ற தலைப்பைக் கண்டால் கேட்க வேண்டியவை:

1. அதில் பயன்படுத்தக் கூடியது எவ்வளவு? 2024 இறுதியின் 610 கோடி டாலரிலும் அந்தச் சீன யுவான் அடங்கியிருக்கிறது.

2. உயர்வு சம்பாதித்ததா, கட்டாமல் விட்டதா? தவணை நிற்கும் காலத்தில் கையிருப்பு தானாகவே ஏறும்.

3. வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி உண்டா? 2020 மார்ச் முதல் தடைபட்டிருந்த வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. டாலருக்குத் தேவை கூடும்போது அந்த இடைவெளிதான் முதலில் அசையும்.

4. அடுத்த பெரிய தவணை எப்போது? பிற நாட்டு அரசுகளுக்குத் தர வேண்டிய கடனின் அசல் 2028இல் தொடங்கி 2043 வரை ஓடுகிறது.